ஒரே துப்பாக்கி, இரண்டு பேரல்: 2011 டெண்டரில் நமக்கு என்ன பாடம்?



அனகாபுத்தூர் பக்கம் வந்திருக்கீங்களா? பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகிற ரோட்டில், பம்மலைத் தாண்டினால் எங்க ஊர். இப்போ தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. நெசவுக்குப் பேர் போன ஊர். வாழைநார்ச் சேலை என்று செய்தியில் பார்த்திருப்பீங்களே, அது இங்கேதான்.

தறியை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்க. மரச்சட்டம் பல வருஷமாக அதேதான். ஆனால் நூலின் தடிமன் மாறினால் அச்சு மாறும், விழுது மாறும். அச்சு உட்காரும் பள்ளம் மட்டும் மாறாது. அந்தப் பள்ளம் ஒரே அளவாக இருப்பதால்தான் ஒரே தறியில் இன்றைக்குப் பருத்தி, அடுத்த மாதம் வேறு நார் என்று நெய்ய முடிகிறது. மெக்கானிக்கல் பாஷையில் இதற்குப் பெயர் மாட்யூலர் டிசைன். மாறாத அந்தப் பள்ளத்துக்குப் பெயர் இன்டர்ஃபேஸ்.

இன்னொன்றையும் கவனிக்கணும். எந்த நெசவாளரும் பாதிச் சேலையில் அச்சை மாற்ற மாட்டார். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போதுதான் மாற்றுவார். எதை மாற்றலாம் என்பது ஒரு கேள்வி. எப்போது, யார் மாற்றுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு கட்டுரையைப் படியுங்க. ஏன்னா இதே கேள்விதான் நம் ராணுவத்தின் துப்பாக்கிக் கதையிலும் வருகிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை

உதிரி பாகத்தை மாற்றிப் போடும் யோசனையே துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்ததுதான். அதற்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியும் கைவேலை. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. பிரான்சில் ஓனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் செய்து காட்டினார். 1785-ல் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவர் பட்டறைக்குப் போனார். கலந்து கிடந்த பாகங்களைக் கைக்கு வந்தபடி எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார். பொருந்தியது! அதைப் பற்றி ஊருக்குக் கடிதமும் எழுதினார்.

நாம் மெட்ராலஜி லேபில் 'கோ, நோ-கோ' கேஜ் வைத்து அலுத்துக்கொள்கிறோமே, அதன் தாத்தா கதை இது.

இந்தியாவில்: எஸ்.எல்.ஆர். முதல் இன்சாஸ் வரை

1960-களிலிருந்து நம் படைவீரர்கள் கையில் இருந்தது 7.62×51 மி.மீ. தோட்டா சுடும் எஸ்.எல்.ஆர். கனமான, நீளமான, நம்பகமான துப்பாக்கி. 1980-ல் நேட்டோ நாடுகள் 5.56×45 மி.மீ. என்ற சின்னத் தோட்டாவைப் பொதுத் தரமாக ஏற்றன. இந்தியாவும் அந்தத் திசையில் நகர்ந்தது. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.டி.இ. (டி.ஆர்.டி.ஓ.வின் ஆயுத ஆய்வுக்கூடம்) 1980-களில் ஒரு புதிய துப்பாக்கிக் குடும்பத்தை வடிவமைக்கத் தொடங்கியது. அதுதான் இன்சாஸ்.

'குடும்பம்' என்ற சொல் முக்கியம். ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என்று மூன்றும் ஒரே அடிப்படையில், பொதுவான பாகங்களோடு வர வேண்டும் என்பது திட்டம். ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் வந்தன. கார்பைன் மட்டும் அந்தக் குடும்பத்தில் சேரவே இல்லை.

ஏன்? கார்பைன் என்றால் குட்டை பேரல். 5.56×45 தோட்டாவின் மருந்து நீளமான பேரலில் எரிந்து முடிக்கக் கணக்கிட்டது. பேரலை வெட்டினால் மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சம் வாய்ப்பகுதியில் நெருப்பாகவும் சத்தமாகவும் வெடிக்கும், வேகமும் குறையும். பாகத்தைப் பொதுவாக்கலாம், இயற்பியலைப் பொதுவாக்க முடியாது. கடைசியில் கார்பைனுக்கென்றே 5.56×30 என்ற சின்னத் தோட்டாவை வைத்துத் தனியாக ஒன்றைச் செய்தார்கள். அதுதான் ஜே.வி.பி.சி.

இன்சாஸ் வருவதற்கும் தாமதம் ஆனது. துப்பாக்கி தயாராக இருந்தும் அதற்கான தோட்டா உள்நாட்டில் போதிய அளவு தயாராகவில்லை. இடையில் வெளிநாட்டிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை வாங்கிச் சமாளித்தார்கள். 1998 குடியரசு தின அணிவகுப்பில் இன்சாஸ் நாட்டு மக்கள் முன் வந்தது. இஷாபூர், கான்பூர், நம்ம திருச்சி என மூன்று தொழிற்சாலைகளில் உற்பத்தி.

அடுத்த வருஷமே கார்கில்.

கார்கில் வைத்த பரீட்சை

1999 கோடையில், ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில், உறையும் குளிரில் இன்சாஸ் முதல்முறையாகப் பெரிய சண்டைக்குப் போனது. மேகசின் குளிரில் விரிசல் விடுகிறது, இடையில் சிக்கிக்கொள்கிறது, மூன்று தோட்டா மட்டும் சுட வேண்டிய நிலையில் வைத்தால் தொடர்ந்து சுடுகிறது என்று புகார்கள் வந்தன. பின்னால் பல திருத்தங்கள் செய்தார்கள். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதில் மேகசின் விஷயம் நமக்கு நல்ல பாடம். இன்சாஸ் மேகசின் பிளாஸ்டிக். உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். நல்ல யோசனைதான்! ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ராஜஸ்தான் வெயிலில் 50 டிகிரி, மலை உச்சியில் மைனஸ் 20 என்று வைத்துக்கொள்ளுங்க. வித்தியாசம் 70 டிகிரி. 100 மி.மீ. நீள எஃகுத் துண்டு (விரிவுக் குணகம் சுமார் 12×10⁻⁶) இந்த மாற்றத்தில் 0.084 மி.மீ. சுருங்கும். அதே நீள நைலான் மாதிரியான பிளாஸ்டிக் (சுமார் 80×10⁻⁶) 0.56 மி.மீ. சுருங்கும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. போதாததற்குப் பல பிளாஸ்டிக்குகள் குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறும்.

மேகசின் என்பது துப்பாக்கியின் ஒரு மாட்யூல். அது ரிசீவரில் உட்காரும் இடம் ஒரு இன்டர்ஃபேஸ். ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் பிளாஸ்டிக். டிராயிங்கில் 25 டிகிரியில் பொருந்துவது மைனஸ் 20-ல் பொருந்துமா என்று கேட்பதுதான் இன்ஜினியர் வேலை. நாம் கேட்காமல் விட்டால் அந்தக் கேள்வியை மலை உச்சியில் ஒரு சிப்பாய் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கு இன்டர்னல் மார்க் கிடையாது, அரியர் எழுதவும் வாய்ப்பு கிடையாது.

எங்க தெருவில் ரிட்டயர்டு ராணுவக்காரர் ஒருவர் இருக்கார். இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, கணக்கெல்லாம் சரி. கையுறை போட்டுக்கிட்டு மேகசினை மாட்டிப் பாத்தியா?" என்றார். அதுவும் ஒரு இன்டர்ஃபேஸ்தான், இல்லையா? மனிதக் கை.

2011: 'ஒரு துப்பாக்கி, இரண்டு பேரல்'

இப்போ மெயின் விஷயத்துக்கு வருவோம். இன்சாஸுக்கு மாற்றுத் தேடிய ராணுவம் 2011-ல் ஒரு டெண்டர் விட்டது. 66,000 துப்பாக்கிகள். நிபந்தனை புதுசு: ஒரே துப்பாக்கியில் பேரலை மாற்றினால் 5.56×45 சுட வேண்டும், மறுபடி மாற்றினால் ஏ.கே.யின் 7.62×39 சுட வேண்டும். எல்லைப் போருக்கு ஒன்று, காஷ்மீர் மாதிரி இடங்களில் கிட்டத்துச் சண்டைக்கு இன்னொன்று.

இத்தாலியின் பெரெட்டா, அமெரிக்காவின் கோல்ட், செக் குடியரசின் சி.இசட்., இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. போன்ற பெரிய கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. பரிசோதனைகள் நடந்தன. 2015 ஜூனில் டெண்டரே ரத்து. ஒரு துப்பாக்கிகூட வாங்கவில்லை.

கேட்கும்போது 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' மாதிரிதானே இருக்கு? பேரலை மாற்றுவது அவ்வளவு கஷ்டமா? வாங்க, பிரித்துப் பார்ப்போம்.

பேரல் மட்டும் மாறினால் போதுமா?

முதலில் நீளம். 5.56×45 தோட்டா முழுசாகச் சுமார் 57 மி.மீ., 7.62×39 சுமார் 56 மி.மீ. கிட்டத்தட்ட ஒரே நீளம். அதனால் ஒரே ரிசீவருக்குள் இரண்டும் ஓடும். ராணுவம் இந்த ஜோடியைக் கேட்டதில் நியாயம் உண்டு. பழைய எஸ்.எல்.ஆரின் 7.62×51 தோட்டா 71 மி.மீ. நீளம். அதற்கு ரிசீவரே நீளமாக வேண்டும்.

அடுத்து தோட்டாவின் அடிப்பகுதி. 5.56-க்கு விட்டம் சுமார் 9.6 மி.மீ., 7.62×39-க்கு சுமார் 11.3 மி.மீ. போல்ட்டின் முகம் அந்த அடியைக் கவ்விப் பிடிக்கணும். அளவு மாறினால் போல்ட் தலையும் மாற வேண்டும்.

மூன்றாவது மேகசின். 7.62×39 தோட்டா அடியில் தடித்து மேலே குறுகும். அடுக்கினால் வளைந்துதான் நிற்கும். ஏ.கே. மேகசின் வாழைப்பழம் மாதிரி வளைந்திருப்பது அழகுக்காக இல்லை! ஆக மேகசினும் மாற வேண்டும், அது உட்காரும் இடம் இரண்டுக்கும் ஒத்துவர வேண்டும்.

நான்காவதுதான் பெரிய தலைவலி: குறி. பேரலைக் கழற்றி மாட்டினால் அது முன்பு உட்கார்ந்த அதே கோணத்தில் உட்காருமா? பேரல் பிடிக்கப்படும் நீளம் 100 மி.மீ., அதில் ஒரு முனையில் 0.05 மி.மீ. ஆட்டம் என்று சும்மா வைத்துக்கொள்வோம். 0.05-ஐ 100-ஆல் வகுத்தால் 0.0005 ரேடியன். 300 மீட்டர் தூரத்தில் அது 15 செ.மீ. விலகல். தலைமுடியைவிட மெல்லிய ஆட்டம், ஒரு சாண் அளவுக்குக் குறி தப்பும். போதாததற்கு இரண்டு தோட்டாவும் பறக்கும் பாதை வேறு. சைட்டை மறுபடி சரிசெய்யணும், சுட்டுப் பார்க்கணும்.

ஐந்தாவது, அந்த இன்னொரு பேரல் எங்கே இருக்கும்? சிப்பாயின் பையிலா? அவர் ஏற்கெனவே தோட்டா, தண்ணீர், கவசம், ரேடியோ எல்லாம் சுமக்கிறார். பட்டாலியன் ஸ்டோரிலா? அப்படியென்றால் ஏன் இரண்டாவது துப்பாக்கியையே ஸ்டோரில் வைக்கக்கூடாது?

யார் மாற்றுவது? மூன்று மட்டங்கள்

இங்கேதான் நம்ம தறிக் கேள்வி திரும்ப வருது. மாட்யூலர் துப்பாக்கி என்றால் மாற்றம் மூன்று இடங்களில் நடக்கலாம்.

ஒன்று, சிப்பாயின் கையில். லென்ஸ், டார்ச், முன்கைப்பிடி மாட்டுவது. இது உலகம் முழுக்க வெற்றி. காரணம், 1995-ல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்காட்டினி ரயில். துப்பாக்கி மேல் பல்வரிசை மாதிரி இருக்குமே, அதுதான். பல்லுக்குப் பல் சுமார் 10 மி.மீ. இந்த ஒரு அளவை எல்லாரும் ஒத்துக்கொண்டதால் எந்தக் கம்பெனி லென்ஸும் எந்தக் கம்பெனி துப்பாக்கியிலும் உட்காரும். முதலில் வந்த இன்சாஸில் இந்த ரயில் கிடையாது.

இரண்டு, ஆயுதப் பட்டறையில். பேரலை மாற்றுவது, போல்ட் மாற்றுவது, கேஜ் வைத்துச் சோதிப்பது. பயிற்சி பெற்றவர், கருவிகள், சுட்டுப் பார்க்க இடம் எல்லாம் வேண்டும்.

மூன்று, தொழிற்சாலையில். ஒரே அடிப்படை டிசைனிலிருந்து பல வகைகளைச் செய்து அனுப்புவது. இன்சாஸ் குடும்பத்தின் யோசனை இதுதான்.

என் கருத்து இது: 2011 டெண்டர், இரண்டாவது மட்டத்து வேலையை ஒவ்வொரு சிப்பாயின் துப்பாக்கிக்குள்ளும் கொண்டுவரப் பார்த்தது. பாதிச் சேலையில் அச்சை மாற்றுகிற மாதிரி. செய்ய முடியாதது என்று சொல்லவில்லை. அதற்கான விலையை எடை, பயிற்சி, குறி என்று வேறு எங்கோ கொடுக்க வேண்டியிருக்கும்.

நாம் மட்டும் இதில் தடுமாறவில்லை. அமெரிக்கச் சிறப்புப் படைகள் எஃப்.என். கம்பெனியின் ஸ்கார் துப்பாக்கியை ஆசையாகத் தேர்ந்தெடுத்தன. 5.56-க்கு ஒன்று, 7.62×51-க்கு ஒன்று, நிறையப் பாகங்கள் பொது. 2010-ல் 5.56 வகையை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கையில் இருக்கும் பழைய துப்பாக்கியைவிடச் செலவுக்குத் தக்க முன்னேற்றம் இல்லை என்பது காரணம். பெரிய தோட்டா வகையை மட்டும் தொடர்ந்தார்கள்.

நம் ஏ.ஆர்.டி.இ.யும் 5.56×45, 7.62×39, 6.8 மி.மீ. என்று மூன்று தோட்டாக்களுக்கு மாறக்கூடிய எம்.சி.ஐ.டபிள்யூ.எஸ். என்ற துப்பாக்கியை 2014 டெஃப்எக்ஸ்போவில் காட்டியது. நல்ல முயற்சி. ஆனால் படையில் பொதுத் துப்பாக்கியாகச் சேரவில்லை.

பிறகு தோட்டாவே மாறிவிட்டது

டெண்டர் ரத்தான பிறகு ராணுவத்தின் எண்ணமே வேறு பக்கம் திரும்பியது: சின்னத் தோட்டா போதாது, சக்தி அதிகம் வேண்டும். சக்தி என்றால் எவ்வளவு வித்தியாசம்? தோராயமாகக் கணக்குப் போடுவோம்.

5.56×45: குண்டு 4 கிராம், வேகம் விநாடிக்கு 900 மீட்டர். ஆற்றல் சுமார் 1,600 ஜூல். உந்தம் 3.6.

7.62×39: 8 கிராம், 715 மீட்டர். சுமார் 2,000 ஜூல். உந்தம் 5.7.

7.62×51: 9.5 கிராம், 840 மீட்டர். சுமார் 3,300 ஜூல். உந்தம் 8.

ஆற்றல் இரண்டு மடங்கு என்றால் இலவசமா? உந்த அழியாமை விதிப்படி 4 கிலோ துப்பாக்கி 5.56-க்கு விநாடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் தோளில் உதைக்கும். 7.62×51-க்கு 2 மீட்டர். (மருந்து வாயுவின் உந்தத்தைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் கூடும்.) எடையும் அப்படித்தான்: 100 தோட்டா 5.56-ல் சுமார் 1.2 கிலோ, 7.62×51-ல் சுமார் 2.4 கிலோ. அதே எடைக்குப் பாதித் தோட்டாதான் சுமக்க முடியும்.

இதையெல்லாம் எடைபோட்டு ராணுவம் இரண்டு வழியில் போனது. 2019 பிப்ரவரியில் முன்னணி வீரர்களுக்காக 72,400 சிக் சாவர் 716 துப்பாக்கிகள், 7.62×51. 2024-ல் இன்னும் 73,000. மற்றவர்களுக்கு ரஷ்யாவுடன் சேர்ந்து உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏ.கே.-203, 7.62×39. 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் எண்ணிக்கை 6,01,427.

கூட்டிக் கழித்துப் பாருங்க. 'ஒரு துப்பாக்கி, இரண்டு தோட்டா' என்று ஆரம்பித்த கதை, 'மூன்று துப்பாக்கி, மூன்று தோட்டா' என்று வந்து நிற்கிறது: பழைய இன்சாஸ், ஏ.கே.-203, சிக். பன்முகத் தேவை எங்கேயும் மறையவில்லை. துப்பாக்கிக்குள் இருக்க வேண்டிய சிக்கல் கிடங்குக்கு இடம் மாறிவிட்டது. ஒவ்வொரு முகாமுக்கும் சரியான தோட்டாவை அனுப்புகிற வேலை இப்போ சப்ளை ஆட்கள் தலையில். இதில் எது நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. துப்பாக்கி எளிமையாக இருப்பதால் சிப்பாய்க்கு நல்லது, கணக்குப் பிள்ளைக்குக் கஷ்டம்.

நம்ம திருச்சி எங்கே?

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் தொடங்கியது. இன்சாஸ் செய்த அனுபவத்தில் 7.62×39 தோட்டாவுக்குத் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்ற துப்பாக்கியை உருவாக்கியது. 2021 அக்டோபர் 1-ல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, திருச்சி ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற கம்பெனியின் கீழ் வந்தது. 2024 ஜனவரியில் ஏ.ஆர்.டி.இ.யும் ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து 'உக்ரம்' என்ற 7.62×51 துப்பாக்கியை வெளியிட்டன. அதாவது இந்தத் துறையில் நமக்கு வேலை முடிந்துவிடவில்லை. டிசைன், மெட்டீரியல், மெட்ராலஜி படித்தவர்களுக்கு இடம் இருக்கிறது.

நம் ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுத்துக்கலாம்?

துப்பாக்கி செய்யப்போவதில்லை, சரி. ஆனால் ட்ரோன், ரோபோ கை, வீல்சேர், விவசாயக் கருவி என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் எல்லாருமே 'மாட்யூலர்' என்ற வார்த்தையைத் தலைப்பில் போடுகிறோம். ரிவ்யூவில் கேட்க நல்லா இருக்கு! போடுவதற்கு முன் நான்கு விஷயம் எழுதி வையுங்க.

1. எது மாறாது? முதலில் அந்தப் 'பள்ளத்தின்' அளவையும் டாலரன்ஸையும் முடிவு செய்யுங்க. அது ஓடிக்கொண்டே இருந்தால் மேலே எதுவும் நிற்காது.

2. யார் மாற்றுவார்? பயன்படுத்துபவரா, மெக்கானிக்கா, தயாரிப்பவரா? அவர் கையில் என்ன கருவி இருக்கும்?

3. மாற்றிய பிறகு எதை மறுபடி அளக்கணும்? துப்பாக்கிக்குக் குறி மாதிரி, உங்கள் சென்சாருக்குக் கேலிப்ரேஷன்.

4. மோசமான நாளில் வேலை செய்யுமா? ஏ.சி. லேபில் ஓடுவது மே மாத அனகாபுத்தூர் வெயிலிலும், டிசம்பர் மழையிலும் ஓடணும்.

முடிக்கும் முன் வீட்டுப் பாடம் ஒன்று. 4 கிலோவுக்குப் பதில் 3.5 கிலோ துப்பாக்கியில் 7.62×51 சுட்டால் உதை வேகம் எவ்வளவு? எடையைக் குறைத்தது சிப்பாய்க்கு லாபமா, நஷ்டமா? விடையை ஒரே வரியில் எழுத முடிகிறதா பாருங்க. முடியவில்லை என்றால் ராணுவத்துக்கு ஏன் இத்தனை வருஷம் ஆனது என்பது புரிந்துவிடும்.